எந்தப் படியில் கால் வைப்பது?

வன்னியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி இடம்பெறுகின்றது. “அண்ணை, ஏ1 சோதினை பாஸ் பண்ணிட்டன். இனி ஏ2 வகுப்பிலை சேரவோ, இல்லாட்டி நேரை பி1க்குப் போகவோ?” கேட்பவர் முல்லைத்தீவில் கணவனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் இளம் மனைவியாக இருக்கலாம். ஜேர்மனியில் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் கிளிநொச்சி இளைஞனாக இருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வவுனியாவை விட்டுப் புறப்பட்டு, இப்போது ஜேர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நடுத்தர வயதினரும் இதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்கிறார்.

நான் மொழி ஆசிரியன் அல்லன். செய்தி எழுதிப் பிழைப்பவன். ஆயினும் இக்கேள்வியை வெறும் வகுப்பறை விவகாரமாக ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தவறான படியில் கால் வைப்பதால் வீணாவது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. சில வேளைகளில் பிரிந்திருக்கும் இருவரின் இரண்டு மூன்று ஆண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, “எனக்குப் படிப்பு ஏறாது” என்று ஒருவர் தம்மைப் பற்றியே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு. முன்னைய இரண்டையும் எப்படியாவது ஈடுசெய்யலாம். மூன்றாவதை ஈடுசெய்வது மிகக் கடினம்.

முதலில் இந்தப் படிகள் எவை என்று பார்த்துவிடுவோம். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொது அளவுகோலின்படி, மொழித் திறன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இவ்வளவுகோல் கேட்பது “எத்தனை இலக்கண விதி தெரியும்?” என்று அன்று, “இம்மொழியைக் கொண்டு உன்னால் என்ன செய்ய முடியும்?” என்றே அது கேட்கிறது. தன் பெயர், ஊர், குடும்பம் பற்றிச் சொல்லி, மெதுவாகப் பேசுபவரைப் புரிந்துகொள்ள முடிந்தால் அது ஏ1. கடை, பேருந்து, வைத்தியரிடம் நேரம் கேட்பது போன்ற நாளாந்தக் காரியங்களை ஒப்பேற்ற முடிந்தால் ஏ2. எதிர்பாராத ஒரு சிக்கல் வரும்போது பிறர் துணையின்றி விளக்கிச் சமாளிக்கவும், ஒரு கருத்துக்குக் காரணம் சொல்லவும் முடிந்தால் பி1. வேலைத்தலத்தில் தடங்கலின்றி உரையாடி வாதிடக்கூடியவர் பி2. அதற்கு மேலுள்ளவை உயர்கல்விக்கும் நுண்ணிய எழுத்துக்கும் உரியவை.

இனி, எதற்கு எது வேண்டும் என்பது. 2007 ஓகஸ்ட் முதல், ஜேர்மனியிலுள்ள கணவனிடமோ மனைவியிடமோ செல்ல விரும்பும் இலங்கையர், நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே ஏ1 அளவு ஜேர்மன் தெரியும் என்று காட்டவேண்டும். தொழிற்பயிற்சி வீசாவுக்குப் பொதுவாக பி1 கேட்கிறார்கள். தாதியாகத் தகுதி ஏற்புப் பெறப் பெரும்பாலும் பி2. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த, வேலை தேடிச் செல்வோருக்கான ‘வாய்ப்பு அட்டை’க்கு ஏ1 ஜேர்மன் அல்லது பி2 ஆங்கிலம். குடியுரிமைக்கு பி1. அதே 2024 ஜூனில் ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையையும் அனுமதித்து, ஐந்தாண்டு வதிவையே போதுமானதாக்கியது. ஆதலால், அங்கு நெடுங்காலம் வாழ்ந்தும் கடவுச்சீட்டு மாற்றாதிருந்த பலர் இப்போது பி1 பற்றி விசாரிக்கிறார்கள்.

குழப்பம் தொடங்குவது இந்தப் பட்டியலில்தான். அலுவலகம் எந்தப் படியைக் கேட்கிறது என்பது ஒரு கேள்வி. நான் இன்று எந்தப் படியில் நிற்கிறேன் என்பது இன்னொரு கேள்வி. நம்மவர் முதலாவதற்குரிய விடையை எடுத்து இரண்டாவதற்குரிய இடத்தில் எழுதிவிடுகிறார்கள். பி1 சான்றிதழ் வேண்டும், ஆகவே பி1 வகுப்பில் சேர்கிறேன் என்கிறார்கள். கிளிநொச்சிக்குப் போகவேண்டியவர், மாங்குளத்தில் பஸ் ஏறாமல் கிளிநொச்சித் தரிப்பிடத்திலேயே ஏற முயல்வது போன்றது இது.

ஏ1 பரீட்சையில் சித்தியடைந்தவர் ஏ2 வகுப்புக்குத் தகுதியானவர்தானே என்று கேட்கலாம். எப்போதும் அப்படியன்று. கோதே நிறுவனத்தின் ஏ1 பரீட்சை கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. மொத்தம் நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. அதாவது, நாற்பது புள்ளிக்குரிய பகுதி தெரியாமலேயே ஒருவர் சான்றிதழ் பெறலாம். பேச்சுப் பகுதியில் பெயர், வயது, நாடு, மொழி, தொழில் ஆகியவற்றைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்யும் கட்டம் உண்டு. அதைத் தேவாரம் போல மனனம் செய்து ஒப்புவித்துவிட்டு, அதற்கு வெளியே ஒரு கேள்வி வந்தால் திகைத்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் குறை காண முடியாது. வீசாவுக்காகப் படிப்பவர் வீசா கேட்பதையே படிப்பார். ஆனால் அத்தகையவர் மறுவாரமே ஏ2 வகுப்பில் அமரும்போது, தாம் அறியாத அந்த நாற்பதுதான் அங்கே ஒவ்வொரு பாடத்திலும் எழுந்து நிற்கும்.

ஜேர்மன் மொழியில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அங்கே பொருள்களுக்கும் பால் உண்டு. கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமற்ற மூன்றாம் பால். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷன்’ என்ற சொல்லும் இந்த மூன்றாம் பாலையே சேர்ந்தது. உயர்திணை, அஃறிணை என்று அறிவுக்குப் பொருந்தப் பிரித்துப் பழகிய தமிழருக்கு இது வியப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் ‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’ என்ற முன்சொல்லோடு சேர்த்தே படிக்கவேண்டியது ஏ1இல். “இப்போதைக்குச் சொல் தெரிந்தால் போதும்” என்று அதை விட்டுவிட்டு மேலே போனவருக்கு, பி1 வரும்போது பெயரடைகளின் ஈறு, வேற்றுமை, சுட்டு எல்லாமே அந்தப் பாலை நம்பியிருப்பது தெரியவரும். அப்போது நூற்றுக்கணக்கான சொற்களைத் திரும்பப் படிக்கவேண்டும். ஏ1இல் மிச்சம் பிடித்த நேரத்தை பி1இல் வட்டியோடு கட்டுகிறோம்.

மறுபுறத்தில், தமிழ் நமக்குத் தரும் அனுகூலங்களும் உள்ளன. ஆங்கிலத்தின் வழியாக ஜேர்மன் படிப்பவருக்கு அவை மறைந்துபோகின்றன. ‘எனக்குக் குளிர்கிறது’ என்கிறோம்; ஜேர்மானியரும் ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்று, ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைப் பொருளிலேயே சொல்கிறார். ஆங்கிலேயர்தாம் ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்கிற அமைப்பில் சொல்பவர். ‘அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்கும் அங்கே நமக்குப் பழகிய அமைப்பே. காரணம் கூறும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவது ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைத் தடுமாற வைக்கும். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு அது சொந்த வீடு. பெரியவரை ஒருமையில் விளிக்கக்கூடாது என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. தமிழைக் கொண்டே விளக்கக்கூடிய ஆசிரியர் ஒருவர் கிடைத்தால், சில பாடங்களில் நம் பிள்ளைகள் மற்றவர்களை முந்திக்கொண்டு போவார்கள்.

இனி வன்னிக்கு மட்டுமே உரிய ஒரு விடயம். 2008இன் பிற்பகுதியிலும் 2009இலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது மரநிழலும் தறப்பாளுமாக இருந்தது. பல மாதங்கள் அதுவும் இல்லை. போரின் முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அன்று பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்களே இன்று ஜேர்மன் வகுப்பில் வந்து அமர்பவர்களுள் ஒரு பகுதியினர். இழந்தது சில மாதப் பாடம் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்தின் அடிப்படை விழவேண்டிய வயதில் அது விழாமற் போனது. ஆகவே ரோமன் எழுத்தை வேகமாக வாசிக்கவும் எழுதவும் அவர்களுட் பலருக்குக் கை வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்வதைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்தோ ஒலிப்புள்ள பகரத்துக்கும் ஒலிப்பில்லாத பகரத்துக்கும் ஒரே வடிவம் தருவது. ரொட்டி சுடுவதும் பெட்டி அடுக்குவதும் கொப்பியில் ‘பாக்கன்’ என்று ஒன்றாகிவிடும்.

இது மந்தபுத்தி அன்று. வேறோர் எழுத்தில் கற்று வந்தவரின் நிலை. ஜேர்மன் அரசே இதை அறிந்திருக்கிறது. அங்கு குடியேறியோருக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் வழக்கமாக 600 பாடவேளைகள் மொழிக்கென ஒதுக்கப்படுகின்றன. தம் தாய்மொழியின் எழுத்தை அறிந்து, ரோமன் எழுத்துக்குப் புதியவராக வருவோருக்குத் தனி வகுப்பு உண்டு. அதற்கு 900 பாடவேளைகள். செல்வந்த நாடொன்று தன் மண்ணில் வைத்துக் கற்பிக்கும்போதே முந்நூறு வேளை கூடுதலாகக் கொடுக்கிறது. நாமோ புதுக்குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையையும் கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படித்த பிள்ளையையும் ஒரே வாங்கில் இருத்தி, ஒரே வேகத்தில் ஓடச் சொல்கிறோம்.

பாடவேளைக் கணக்கை விளம்பரங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். “மூன்று மாதத்தில் பி1” என்ற வகை வாக்குறுதிகளை எல்லாரும் கண்டிருப்பீர்கள். கோதே நிறுவனத்தின் மதிப்பீட்டில், 45 நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால், ஏ1க்கு 80 முதல் 200 வரையும், பி1ஐ எட்டத் தொடக்கத்திலிருந்து 350 முதல் 650 வரையும் தேவைப்படும். சனி, ஞாயிறு மட்டும் வாரத்துக்கு நான்கு பாடவேளை படிப்பவர் 600ஐத் தொட 150 வாரங்கள் செல்லும். அது மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு. நாள்தோறும் நான்கு வேளை, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 30 வாரங்கள். இரண்டுமே நேர்மையான வழிகள்தாம். மூன்று மாதத்தில் வருவது பெரும்பாலும் மாதிரி வினாத்தாளின் விடைகளே.

பிழை ஒரு திசையில் மட்டும் நிகழ்வதன்று. உரியதிலும் தாழ்ந்த படியில் அமர்த்தப்படுவோரும் இருக்கிறார்கள். எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குள் போய்ச் சேர்ந்த தலைமுறைக்கு மொழி வகுப்பு எதையும் அரசு வைக்கவில்லை. ஒருங்கிணைப்பு வகுப்புகள் தொடங்கியதே 2005இல். அவர்கள் உணவகத்தின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டியடியில் ‘டொச்’ கற்றவர்கள். சரளமாகப் பேசுவார்கள், கோபம் வந்தால் இன்னும் சரளமாகப் பேசுவார்கள். ஒரு கடிதம் எழுதச் சொன்னால் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். இவர்களை ஏ1இல் இருத்தி, “என் பெயர் இன்னது” என்று சொல்ல வைத்தால், இரண்டாம் நாளே எழுந்து போய்விடுவார்கள். அதில் நியாயமும் உண்டு.

இத்தகையோர்க்கு ஒரு செய்தி. மொழிநிலை என்பது ஒற்றை எண் அன்று. ஒருவர் பேச்சில் பி1, எழுத்தில் ஏ1 என்று இருக்கலாம். ஒருங்கிணைப்பு வகுப்பின் முடிவில் நடக்கும் பரீட்சையில், பேச்சிலும், அதோடு மற்றை இரண்டு பகுதிகளில் ஒன்றிலும் பி1 எட்டினால் முழுப் பெறுபேறும் பி1 என்றே அமையும்; கேட்டலும் வாசித்தலும் சேர்ந்து அங்கே ஒரே பகுதி. எழுத்து மட்டும் ஏ2இல் நின்றாலும் குடியுரிமைக்குரிய சான்றிதழ் கைக்கு வரும். கோதே நிறுவனத்தின் பி1 பரீட்சையோ நான்கு தனிக் கூறுகளாக நடப்பது. ஒன்றில் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதலாம். ஆதலால் இவர்கள் தேடவேண்டியது எழுத்துப் பயிற்சியை. ஏ1 வகுப்பை அன்று.

“ஐயா, இதெல்லாம் சரி. அவர் அங்கே, நான் இங்கே. இரண்டு வருசமாய்ப் போச்சு. எனக்குப் பேப்பர்தான் முதலிலை வேணும்” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தையே நான் நியாயமானதாகக் கருதவில்லை. அமெரிக்கரும் யப்பானியரும் ஒரு சொல்லும் அறியாமல் தம் துணையிடம் போகலாம். முல்லைத்தீவுப் பெண் மட்டும் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்பில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கவேண்டும் என்பதில் என்ன நீதி? ஜேர்மனியின் உயர் நிருவாக நீதிமன்றம் 2012இல், ஜேர்மன் குடிமக்களின் துணைவர் ஓராண்டு முயன்றும் கற்க இயலாத நிலை இருந்தால், மொழியைக் காரணம் காட்டி வீசாவை மறுக்கலாகாது என்றது. 2015இல் கடினச் சூழல்களுக்கான விலக்கும் சட்டத்தில் சேர்ந்தது. இவற்றை அறிந்த சட்டத்தரணியிடம் கேட்பது பயனுள்ளது. பரீட்சைக்காகப் படிப்பவர் பரீட்சைக்காகவே படிக்கட்டும். நான் வேண்டுவது ஒன்றே: சான்றிதழ் கிடைத்த மறுநாள், வீசா வரும்வரை கிடைக்கும் மாதங்களில், ஏ1 நூலின் முதற் பக்கத்தை மீண்டும் திறக்கட்டும். மகப்பேற்று விடுதியில் தாதி என்ன கேட்கிறாள் என்று புரியாமல், கணவன் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பது எத்தகைய தனிமை என்பதை அனுபவித்த பெண்கள் ஐரோப்பாவெங்கும் இருக்கிறார்கள்.

கீழ்ப்படியில் அமர்வதற்கு வெட்கம் தடையாக இருந்தால், ஒரு ஜேர்மானியரின் வரலாறு உதவும். பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 24. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றவர். தமிழ் படிக்க வேண்டும் என்றபோது, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் அகரம் எழுதிப் பழகினார். ஒன்பது ஆண்டுகளில், 1715இல், அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. மறு ஆண்டு அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. ஜேர்மானியர் ஒருவர் நம் மொழிக்காக மணலில் அமர்ந்தார் என்றால், அவர் மொழிக்காக நாம் முதல் வாங்கில் அமர்வதில் என்ன இழிவு?

அப்படியானால் உரிய படியை அறிவது எப்படி? வகுப்பில் சேருமுன் நிலையறி பரீட்சை ஒன்று கேளுங்கள். அதைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். அது நடத்தாத இடம் என்றால், விரும்பிய வகுப்பில் ஒரு நாள் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பேசுவதில் பாதிக்கு மேல் புரியாவிட்டால் ஒரு படி இறங்குங்கள். எல்லாமே புரிந்து, வீட்டுவேலையில் ஒரு பிழையும் வராவிட்டால் ஒரு படி ஏறுங்கள். முந்தைய படிக்குரிய பாடநூலின் கடைசி அத்தியாயத்தை எடுத்து, துணையின்றி வாசித்து, அதைப்பற்றி ஐந்து வாக்கியம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஐயம் தீராவிட்டால் கீழ்ப்படியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பருவக் கட்டணம் மிகையாகச் செலவாகலாம்; மேலே போய் முறிந்து திரும்புவதைக் காட்டிலும் அது மலிவானது.

கடைசியாக, நிறுவனங்களுக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் அரசின் உதவியுடன் அமைந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கட்டடமும் கரும்பலகையும் வன்னியில் இருக்கின்றன. அங்கு, ரோமன் எழுத்துப் பயிற்சியோடு தொடங்கும், தமிழில் விளக்கும், உழைக்கும் வயதினர் வரக்கூடிய நேரத்தில் நடைபெறும் வகுப்புகளுக்கு இடம் தரவேண்டும். படியைச் சொல்லும் பரீட்சையும் அங்கேயே நடக்கவேண்டும். ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளுக்கு 2002இல் பெருங்கோயில் எழுப்பிய சமூகத்துக்கு, வன்னியில் மூன்று ஆசிரியர்களின் சம்பளத்தைப் பொறுப்பேற்பது பெருஞ் சுமையாகாது.

அதுவரை, அழைத்துக் கேட்கும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சற்று மறந்துவிட்டு, துணையில்லாமல் உங்களால் என்ன சொல்ல முடிகிறது என்று பாருங்கள். அதற்கு அடுத்த படியில் சேருங்கள்.